தலையணையின் உயரம் எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்கத்தைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் நாளிதழ்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். தலையணை என்று வந்ததும், "அதிக உயரமும் வேண்டாம், அதிகத் தாழ்வும் வேண்டாம்" என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர், எந்த இடத்தில், எவ்வளவு பாரம் ஏறிய பிறகு என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வருவதில்லை. தைப்பவர் அதை அளப்பதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. நீளம், அகலம், கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியும் மென்மை இவற்றை வைத்தே வியாபாரம் நடக்கிறது. விடுபட்டுப்போன அந்த அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தலையணை தைப்பவர்களுக்கும், வீட்டில் தாங்களே ஒன்று தைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நான்கு பக்கமும் தைத்து, உள்ளே பஞ்சைத் திணித்து வாயை மூடுவதுதான் நாம் காணும் பெரும்பாலான தலையணைகளின் அமைப்பு. இந்த அமைப்பில் நடுப்பகுதி உப்பும், ஓரம் ஒடுங்கும். 45 செ.மீ. அகலமுள்ள உறையில் நடு உயரம் 15 செ.மீ. வரும்வரை பஞ்சை அடைத்தால் அகலம் ஏறக்குறைய 41.5 செ.மீ. ஆகச் சுருங்கும். ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி அளந்தால் அங்கே உயரம் 6 செ.மீ. சொச்சம்தான் இருக்கும். படுத்திருப்பவரின் கழுத்து எங்கே இருக்கிறது? சரியாக அந்த ஒடுங்கிய ஓரத்தில். தலையோ உப்பிய நடுவில். நிரப்ப வேண்டிய இடைவெளி கழுத்துக்கு அடியில்தான் அதிகம். தலையணையோ தலையை உயர்த்திவிட்டுக் கழுத்தை அந்தரத்தில் விடுகிறது. மல்லாந்து படுத்தால் தாடை நெஞ்சை நோக்கி மடங்குகிறது. ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் தாங்கல் இல்லாமல் கழுத்துத் தசைகள் இரவு முழுவதும் இழுபட்டே இருக்கின்றன.

இதை உணர்ந்தவர்கள் தூக்கத்திலேயே தாங்களாக ஒரு வழி தேடிக்கொள்கிறார்கள். சிலர் தலையணையை இரண்டாக மடிக்கிறார்கள். சிலர் கையை அடியில் கொடுக்கிறார்கள். சிலர் தோள் வரை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் தோளும் சேர்ந்து உயர்ந்துவிடுவதால், தலைக்குக் கிடைத்திருக்க வேண்டிய உயரம் வீணாகிறது. ஒருவர் தினமும் இப்படிச் செய்கிறார் என்றால் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அவருடைய தலையணையில் உயரம் தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

இன்னும் பஞ்சை அடைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. அடைக்க அடைக்க உறை உருளை வடிவத்தை நோக்கிப் போகும். ஓரமும் கொஞ்சம் எழும்தான். ஆனால் அதற்குள் நடு கல்லாக இறுகி, தலை ஒரு பக்கமாக உருண்டு விழும். குறை பஞ்சின் அளவில் இல்லை, வெட்டிய துணியின் வடிவத்தில் இருக்கிறது.

துணியை வெட்டுவதற்கு முன் ஆளை அளக்க வேண்டும். சுவரை ஒட்டித் தோள் மெல்லத் தொடும்படி நின்று, நேராகப் பார்த்தபடி, சுவரிலிருந்து காது வரை இன்னொருவர் அளந்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 17 செ.மீ. வரை வரும். இது மேலோட்டமான கணக்கு. படுக்கும்போது தோள் மெத்தையில் புதையும். கெட்டி மெத்தையில் குறைவாக, மென்மையான மெத்தையில் அதிகமாக. ஆகவே இதைவிட நம்பகமான முறை, துவட்டும் துண்டுகளை மடித்து அடுக்குவது. தன் சொந்த மெத்தையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தலைக்கும் கழுத்துக்கும் அடியில் மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மூக்கு நுனி, தாடை, நெஞ்சுக்குழி மூன்றும் படுக்கைக்கு இணையான ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்தலாம். பக்கத்தில் நிற்பவர் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் கோடு கோணலா நேரா என்பது உடனே தெரியும். பிறகு அந்த அடுக்கின் மேல் 5 லிட்டர் தண்ணீர் நிரப்பிய கேனை வைத்து உயரத்தை அளக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ எடை இருக்கும் என்பதால் அந்தக் கேன். மெத்தை எவ்வளவு புதைந்தாலும் அதுவும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 9 முதல் 13 செ.மீ. வரும்.

மல்லாந்து படுப்பவர்களுக்கும் இதே முறைதான். நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பார்வை நேரே கூரைக்குப் போக வேண்டும். கழுத்து வளைவுக்கு அடியில் 7 முதல் 10 செ.மீ., பின்மண்டைக்கு அடியில் அதைவிட 2 அல்லது 3 செ.மீ. குறைவு என்பது நல்ல தொடக்க அளவு. குப்புறப் படுப்பவர்களுக்கு 3 செ.மீ. போதும், தலையணையே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. மெத்தையை மாற்றினால் இந்த அளவு மாறும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கெட்டி மெத்தைக்குப் பொருந்திய தலையணை, புதிதாக வாங்கிய மென்மையான மெத்தையில் உயரம் அதிகமாகத் தெரிந்தால் தலையணையின் மேல் தவறில்லை.

இனி வடிவம். ஓரம் ஒடுங்காமல் இருக்க மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு பக்கப்பட்டை வைத்துத் தைக்க வேண்டும். கழுத்துக்குக் கூடுதல் தாங்கல் கிடைக்க, உள்ளே ஒரு குறுக்குச் சுவர் வைத்துத் தலையணையை இரண்டு அறைகளாகப் பிரிக்க வேண்டும்: தோள் பக்கம் 14 செ.மீ. அகலத்தில் கழுத்து அறை, மீதி தலை அறை. இந்த இரண்டு மாற்றங்களும்தான் மற்ற எல்லா வேலைப்பாடுகளையும்விட அதிகப் பலன் தருபவை. வெளியே தெரியும் குயில்ட் தையலுக்கும் பளபளப்பான பைப்பிங்குக்கும் செலவாகும் நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும்.

அளவுகளைச் சொல்கிறேன். 150 செ.மீ. அகலத் துணி 1 மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் உறை இறுகி உயரமும் கெட்டித்தன்மையும் இரண்டுமே மாறிவிடும். 45 × 70 செ.மீ. அளவில் இரண்டு துணிகள். தையலுக்குச் சுற்றிலும் 1.25 செ.மீ. போக, முடிந்த அளவு 42.5 × 67.5. சுற்றளவு 220 செ.மீ. மூலைகளைக் கூராக விடாமல், தையல் கோட்டில் 4 செ.மீ. ஆரம் வரும்படி வளைத்து வெட்ட வேண்டும். கூரான மூலைக்குள் பஞ்சு போகவே போகாது. வெறும் துணியாகக் காது போல நீட்டிக்கொண்டு நிற்கும். மூலையை வளைத்ததும் சுற்றளவில் ஏறக்குறைய 7 செ.மீ. குறைந்து 213 ஆகிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல் 220-க்கே பட்டை வெட்டுவதால்தான் பல தலையணைகளில் கடைசி மூலையில் சுருக்கம் விழுகிறது. ஆகப் பட்டையின் நீளம் ஒட்டுத்தையலுக்கான 2.5 செ.மீ. சேர்த்து 215.5. அகலம் 8.5 செ.மீ. வெட்டினால் முடிந்த உயரம் 6 செ.மீ. கிடைக்கும். இரண்டு துண்டுகளை ஒட்டித்தான் இந்த நீளம் வரும்; ஒட்டு மூலையில் வராமல் நீளப்பக்கத்தில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மூலையைச் சுற்றி வளைக்கும்போது பட்டையின் தையல் விளிம்பில் ஒவ்வொரு செ.மீ. இடைவெளியிலும் 6 மி.மீ. ஆழத்துக்குச் சிறு வெட்டு கொடுத்தால் பட்டை இழுக்காமல் படியும். அதற்கு மேல் ஆழமாக வெட்டினால் துவைக்கும்போது அங்கிருந்தே கிழியும்.

குறுக்குச் சுவருக்கு மெல்லிய மல் துணி போதும். முடிந்த உயரம் 9 செ.மீ. வைக்க வேண்டும். பட்டை 6, சுவர் 9 என்ற வித்தியாசம் ஏன் என்றால், பஞ்சு நிரம்பியதும் மேல் துணி பட்டையைத் தாண்டி எழும். சுவரையும் 6-ஆகவே வைத்தால் அந்த இடத்தில் துணி கீழே இழுபட்டுப் பள்ளம் விழும். அறைகளைப் பிரிக்க மேலிருந்து கீழ் வரை நேராக ஒரு தையல் ஓட்டிவிடுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். கழுத்துக்கும் தலைக்கும் நடுவில் உயரமே இல்லாத ஒரு கோடு அங்கே வந்துவிடும். சுவரை முதலில் மேல் துணியின் உட்பக்கத்திலும், பிறகு கீழ்த் துணியின் உட்பக்கத்திலும் தைத்துவிட்டுத்தான் பட்டையை மூட வேண்டும். சுவரின் ஒரு முனையைப் பட்டையோடு சேர்த்துத் தைக்கவும். மறு முனையில் 15 செ.மீ. திறப்பு விடவும். தோளுக்கு எதிர்ப்பக்கத்துப் பட்டையில் 40 செ.மீ. ஜிப் வைத்துவிட்டால் இரண்டு அறைகளுக்கும் அதுவே வாசல்.

கழுத்து அறைக்குள் பஞ்சை நேரடியாக அடைக்க வேண்டாம். மல் துணியில் 66 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழாய்ப்பை தைத்து, அதில் நிரப்பி உள்ளே நுழைப்பது நல்லது. தட்டையாகக் கிடக்கும்போது குழாயின் அகலம் எவ்வளவோ அதில் 0.64 பங்குதான் நிரம்பிய பிறகு விட்டமாக வரும். 20 செ.மீ. அகலக் குழாய் முழுதும் நிரம்பினால் 12.7 செ.மீ. விட்டம், அறைக்குள் போய் நீள்வட்டமாக அமுங்கும்போது 14 செ.மீ. அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும். படுப்பவரின் அளவு மாறினால் இந்தக் குழாயை மட்டும் வெளியே எடுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். இரவில் மல்லாந்தும் ஒருக்களித்தும் மாறி மாறிப் படுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் ஏற்பாடு உண்டு: தலை அறையை நீளவாக்கில் 20, 27.5, 20 என்று மூன்றாகப் பிரித்து நடுவில் பஞ்சைக் குறைத்து வைப்பது. மல்லாந்தால் தலை நடுப்பள்ளத்தில் இருக்கும், புரண்டால் பக்கத்து மேட்டுக்குப் போகும். தையல் வேலை கூடும். ஆனால் ஒரே உயரத்தில் இரண்டு கிடைகளுக்கும் பொருந்துகிற தலையணை என்று ஒன்று இருக்கவே முடியாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை.

துணியைத் தேர்ந்தெடுப்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இழைகளுக்கு நடுவில் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் இலவம் பஞ்சு அதன் வழியாக வெளியே வரும். பிறகு துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பார்க்க வேண்டும். காற்று மெல்லத் தடைபட்டுப் போனால் நல்லது. அறவே போகவில்லை என்றால் அந்தத் துணிக்குப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். தலை வைக்கும்போது காற்று வெளியேற வழியில்லாமல் தலையணை பலூனாக நின்று தலையைத் தள்ளும், வியர்வையும் சேரும். மெத்தை, தலையணை உறைகளுக்கென்றே நெருக்கமாக நெய்த டிக்கிங் துணி கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது நடுத்தரப் பருத்தித் துணியில் உறை தைத்து, உள்ளே மல் துணியில் இன்னொரு பை வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சு வெளியே வருவது துணி வழியாக மட்டும் அல்ல. ஊசித் துளை வழியாகத்தான் அதிகம். தடித்த ஊசி போட்டால் ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. பதினொன்றாம் எண் ஊசி போதும், முனை மழுங்காததாக இருக்க வேண்டும். மழுங்கிய ஊசி இழையை விலக்காமல் அறுத்துவிடும். தையல் நீளம் 2 முதல் 2.5 மி.மீ. அதைவிட நெருக்கினால் துளைகள் வரிசையாகச் சேர்ந்து துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசிக்குப் பதிலாக கிளிப் பயன்படுத்தலாம். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு தையல் போட்டு, விளிம்பைச் சீராக வெட்டி, உள்ளே திருப்பி இரண்டாவது தையல் போடும் முறையில் வெட்டிய விளிம்பு முழுவதும் மறைந்துவிடும், பிசிறு வராது. பட்டை வைத்த உறையில் வளைவுகளில் இந்த முறை சிரமம் என்பதால் அங்கே விளிம்பு பிசிறாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் செய்து, அதன்மேல் இன்னொரு நேர்த்தையல் ஓட்டினால் போதும். எல்லாத் தையல்களின் உட்பக்கத்திலும் தேன்மெழுகுக் கட்டியை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டால் துளைகள் அடைபடும். சிறு வேலைதான், ஆனால் தலைமாட்டில் பஞ்சுத் தூசி சேர்வது இதனால் நன்றாகக் குறையும்.

நிரப்பும் பொருளில் இலவம் பஞ்சைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைத்தான் அதிகம் பாழாக்குகிறோம் என்பதால். இலவம் இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறுமையான நுண்குழல். அதன் பருமனில் பெரும்பகுதி காற்றுதான். மேலே இயற்கையான மெழுகுப் படலம் இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. முன்பு கடலில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதை வைத்துத் தைத்தது அதனால்தான். வியர்வையை உறிஞ்சி ஈரமாகக் கிடக்காது. பலவீனம் என்னவென்றால், இழை குட்டை, வழுவழுப்பு, எளிதில் ஒடியும். ஒவ்வொரு இரவும் தலையின் பாரத்தில் சில இழைகள் ஒடிந்து தூளாகின்றன; அந்த அளவுக்கு உயரம் இறங்குகிறது. அமுங்கிப்போன தலையணையைக் கழியால் அடித்து உப்பவைக்கும் பழக்கம் இதை இன்னும் விரைவாக்குகிறது. அடித்த அன்று உயரம் வரும். உள்ளே இழைகள் நொறுங்கியிருப்பதால் அடுத்த சில நாட்களில் முன்பைவிடக் கீழே போகும். ஜிப்பைத் திறந்து, பஞ்சை எடுத்து, விரல்களால் பிரித்துவிடுவதுதான் சரி.

நிரப்புவதற்கு முன் விதைகளையும் காய் நடுத்தண்டின் துணுக்குகளையும் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். விதையில் எண்ணெய் இருக்கிறது. நசுங்கினால் துணியில் கறை ஏறும், நாற்றம் வரும், பூச்சி வரும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கு அருகில்கூட வர வேண்டாம். பஞ்சில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க, பிரித்த பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் அமுக்கி விட்டால் இலவம் நனையாமல் மேலே வந்து மிதக்கும்; பழைய துணியைக் கிழித்து எடுத்த பஞ்சு கலந்திருந்தால் அது நீரைக் குடித்து இறங்கும். இன்னொரு சிட்டிகையை இடுக்கியில் பிடித்து எரித்தால் இலவமும் பருத்தியும் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். இலவம் பஞ்சு மளமளவென்று பற்றிக்கொள்ளும். மூட்டைக்குப் பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

மேலே சொன்ன உறைக்குத் தொடக்க அளவு: கழுத்துக் குழாய்க்கு 450 கிராம், தலை அறைக்கு 600 கிராம். கூடுதலாக 150 கிராமை ஒரு பையில் கட்டித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்களில் பஞ்சு படியும்போது அதிலிருந்து சேர்க்கலாம். கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்து, முதலில் தூர மூலைகளுக்கும் பிறகு ஓரங்களுக்கும் கடைசியாக நடுவுக்கும் போட வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் பஞ்சு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், மூலைகள் காலியாகவே இருந்துவிடும். நிரப்பி முடித்ததும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பகுதி பகுதியாக அழுத்திப் பார்த்தால் பிரியாத கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை. 15 செ.மீ. அகலமுள்ள ஒரு சிறு பலகையைக் கழுத்து அறையின் மேல் வைத்து, அதன்மேல் 5 லிட்டர் தண்ணீர்க் கேனை ஏற்றி, 10 நிமிடம் விட்டுத் தரையிலிருந்து பலகையின் அடி வரை அளக்க வேண்டும். பிறகு தலை அறைக்கும் அதே மாதிரி. துண்டு அடுக்கில் கிடைத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் 50 கிராம் சேர்த்து மீண்டும் அளக்க வேண்டும், கூடினால் எடுக்க வேண்டும். பாரம் ஏற்றாமல் அளக்கும் உயரத்துக்குப் பொருளே இல்லை. கடையில் அருகருகே இருக்கும் 18 செ.மீ. தலையணைகள் இரண்டில் ஒன்று தலை வைத்ததும் 12-ல் நிற்கும். இன்னொன்று 6-க்கு இறங்கிவிடும்.

பருத்திப் பஞ்சு ஈரத்தைக் குடிக்கும், கனக்கும், படிந்து கட்டியாகும். அவ்வப்போது பிரித்துக் கொட்ட வேண்டியிருக்கும். குப்புறப் படுப்பவர்களுக்கான தட்டைத் தலையணைக்கு அது பொருத்தம்.

பாலியஸ்டர் பஞ்சில் பார்க்க வேண்டியது இழையின் நெளிவும் மேல்பூச்சும். நெளிவுதான் மீண்டு எழும் சக்தி. உள்ளே வெறுமையான, சுருள் நெளிவுள்ள இழை நீண்ட நாள் நிற்கும். சிலிகோன் பூசிய இழை ஒன்றோடொன்று சிக்காது, கட்டியாகாது. அதே வழுக்கலால் தலைக்கு அடியிலிருந்து பக்கங்களுக்கு நழுவியும் போகும். அறைகள் இல்லாத உறையில் நடு பள்ளமாகிவிடுவது அதனால்தான். சிறு சிறு உருண்டைகளாக வரும் பாலியஸ்டர் பஞ்சைக் கையால் கூட்டவும் குறைக்கவும் எளிது. இதே உறைக்கு 800 முதல் 900 கிராம் வரை வைத்துத் தொடங்கலாம். காற்றை உறிஞ்சிச் சுருட்டிக் கட்டி வரும் தலையணையைப் பிரித்தவுடன் மதிப்பிட வேண்டாம். ஒரு நாள் முழுக்க விட்ட பிறகுதான் அதன் உயரம் தெரியும். தலையணைக்கு ஆயுள் முடிந்துவிட்டதா என்பதற்கு நம்பகமான ஒரு சோதனை: இரண்டாக மடித்து, காற்று வெளியேற அழுத்தி, விட்டுவிடுங்கள். தானே விரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. மடிந்தபடியே கிடந்தால் இழைகளின் நெளிவு போய்விட்டது. துவைத்தாலும் வெயிலில் போட்டாலும் திரும்பாது.

அழுத்தினால் அமுங்கி மெல்ல மீண்டு எழும் மெமரி ஃபோம் 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவானது. அழுத்தத்தைப் பரப்பித் தருவதற்கு வந்த பொருள் அது. உயரத்தைத் தாங்குவது அதன் முதல் வேலை அல்ல. உடல் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். அடர்த்தி குறைந்த ஃபோம் சீக்கிரம் குழிவிழும். இதில் வாங்குபவர் ஏமாறாமல் இருக்க ஒரு தராசும் ஸ்கேலும் போதும். நீளம் 60, அகலம் 40, உயரம் 12 செ.மீ. உள்ள ஒரே கட்டியான தலையணையின் கன அளவு 28.8 லிட்டர். கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தி என்று அட்டையில் போட்டிருந்தால் உறை நீங்கலாக அது 1.44 கிலோ இருக்க வேண்டும். தராசில் 900 கிராம்தான் காட்டுகிறது என்றால் அடர்த்தி 31 கிலோதான். நடுவில் வளைவு, துளை இருந்தால் அந்தக் கன அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஃபோம் துண்டுகளை நிரப்புவதாக இருந்தால் சிறிதும் பெரிதுமாகக் கலந்து போட வேண்டும். ஒரே அளவுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடைவெளி விடும். ரப்பர் நுரையான லேடெக்ஸ் உடனுக்குடன் மீண்டு எழும், கழுத்துக் குழாய்க்கு அருமையான பொருள். நேர் வெயில் பட்டால் மட்டும் நொறுங்கிப்போகும். காய வைப்பதென்றால் நிழலில்தான். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

நன்றாகத் தைத்த தலையணையைக் கெடுக்கும் கடைசி இடம் மேலுறை. உள்ளே இருப்பதைவிட மேலுறை இறுக்கமாக இருந்தால் ஓரங்கள் மீண்டும் ஒடுங்கி நடு எழும்; பட்டை வைத்ததற்கே பயனில்லாமல் போகும். மேலே சொன்ன தலையணைக்கு அகலமும் பட்டையும் சேர்த்து 48.5 செ.மீ. ஆகிறது, நீளமும் பட்டையும் சேர்த்து 73.5. ஆகவே மேலுறையின் உள்ளளவு 51 × 76 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். 45 செ.மீ. அகல உறைக்குள் இதைத் திணித்துவிட்டுத் தலையணை கெட்டியாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை. மேலுறைக்கும் தலையணைக்கும் நடுவில் ஜிப் வைத்த மெல்லிய பருத்தி உறை ஒன்று இருந்தால் எண்ணெயும் வியர்வையும் உள்ளே இறங்காது. இந்த இரண்டு உறைகளையும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் சாகும். இலவம் தலையணையைத் தண்ணீரில் போடக் கூடாது. வெயிலில் திருப்பித் திருப்பி மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் போதும். பாலியஸ்டர் தலையணையைத் துவைக்கலாம்; ஆனால் நடுப்பகுதி காய்ந்துவிட்டதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே உறை போட வேண்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கு இதில் எந்தத் தலையணையும் வேண்டாம். அவர்கள் தூங்கும் இடத்திலேயே தலையணை இருக்கக் கூடாது. மூக்கும் வாயும் அழுந்தி மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. குழந்தைக்கென்று சிறிய அளவில் தைத்து விற்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தயாரிப்பவர்களிடம் கேட்பது அதிகமில்லை. தலையணையின் மேல் ஒட்டும் சீட்டில் நான்கு விவரங்கள் வேண்டும்: உள்ளே என்ன பொருள், எத்தனை கிராம், 5 கிலோ ஏற்றி 10 நிமிடம் கழித்துக் கழுத்துப் பகுதியிலும் நடுவிலும் நிற்கும் உயரம் எவ்வளவு, எப்படிச் சுத்தம் செய்வது. மூன்றாவது விவரத்தைப் போட அவர்கள் தயங்குவார்கள் என்று தெரியும். பாரத்தில் 12 செ.மீ. நிற்கும் தலையணை, அடுக்கில் வைத்தால் பக்கத்திலிருக்கும் உப்பிய தலையணையைவிடக் குட்டையாகத்தான் தெரியும். மக்கள் உப்பியதைத்தான் எடுப்பார்கள் என்பது அவர்கள் வாதம். எண்ணைப் போடாதவரை மக்களால் வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியும்? கடையில் ஒரு பலகையும் 5 கிலோ எடைக்கல்லும் ஸ்கேலும் வைத்தால் வாங்குபவரே அளந்து பார்த்துக்கொள்வார். கூடவே ஒவ்வொரு தலையணையிலும் ஜிப் வைக்க வேண்டும். ஜிப் இல்லாத தலையணையில் 100 கிராம் அதிகமாக இருந்தாலும் வாங்கியவர் அதை அப்படியே பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அல்லது தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

தங்கள் நாளிதழில் துண்டு அடுக்கி அளக்கும் முறையையும், பட்டை வைத்த உறையின் வெட்டு அளவுகளையும் ஒரு படமாக வரைந்து வெளியிட்டால் வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் உடனே பயன்படுத்திக்கொள்வார்கள். படத்தில் கழுத்துப் பக்கம் எது என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தால் தலை கெட்டியிலும் கழுத்து மென்மையிலும் போய்விடும். அந்தப் பக்கத்துத் தையலில் வேறு நிறத் துணியில் ஒரு சிறு நாடா வைத்துத் தைத்தால் போதும், இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும்.

இப்படிக்கு,
தலையணை தைக்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்